மணிக்கல்லில் ரோமப் பேரரசர் முகம்: கேள்வி பதில்

ரோமானியர் குடைந்து செதுக்கிய மோதிரக்கற்களிலும், உருவம் புடைத்து நிற்கும்படி செதுக்கிய கேமியோ என்னும் கற்களிலும் உள்ள அரச முகங்களை அடையாளம் காண்பது பற்றி அன்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, நான் ரோம நாணயங்கள் சேகரிப்பவன். சூதுபவள மோதிரக்கல் ஒன்றில் உள்ள முகத்தின் மூக்கு, என்னிடம் உள்ள நாணயத்தின் அகஸ்டஸ் மூக்கைப் போலவே இருக்கிறது. அவர்தான் என்று கொள்ளலாமா?

பதில்: இப்போதே கொள்ள வேண்டாம். குடைந்து செதுக்கிய மோதிரக்கல் ஒரு முத்திரை. மெழுகிலோ களிமண்ணிலோ பதித்த பின்புதான் செதுக்கியவன் காட்ட நினைத்த முகம் தெரியும். கல்லில் இடப்பக்கம் பார்க்கும் தலை பதிவில் வலப்பக்கம் பார்க்கும் என்பதால், கல்லை நேராக நாணயத்தோடு ஒப்பிடுவோர் வலது நெற்றிப்பொட்டின் முடியை இடதுபக்க முடி என்று தவறாக எண்ணிவிடுகிறார்கள். ஆகவே முதலில் ஒரு பதிவு எடுங்கள். கல் கையில் இல்லையென்றால் படத்தையாவது இடவலமாகத் திருப்பிப் பாருங்கள்.

அடுத்து, மூக்கை விட்டுவிட்டு நெற்றி முடிக்கு வாருங்கள். பேரரசரின் மாதிரி உருவத்தைப் பார்த்துப் பல ஊர்ப் பட்டறைகள் நகலெடுத்தபோது மூக்கும் கன்னமும் கைக்குக் கை மாறின. முடிக்கற்றைகள் விழும் ஒழுங்கைத்தான் அவர்கள் கூடியவரை காப்பாற்றினார்கள். ரோமுக்கு அருகே பிரீமா போர்ட்டாவில் கிடைத்த சிலையின் பெயரால் அழைக்கப்படும் அகஸ்டஸ் வகையில், நெற்றியில் ஓரிடத்தில் கற்றைகள் கவைபோலப் பிரியும். அதை அடுத்து இரு கற்றைகள் இடுக்கியின் இரு முனைகளைப் போல ஒன்றையொன்று நோக்கி வளையும். பக்கவாட்டு முகத்தில் இந்த ஒழுங்கின் ஒரு பாதிதான் தெரியும் என்பதால், மோதிரக்கல்லில் தேடுவதற்கு உருப்பெருக்கியும் பொறுமையும் வேண்டும். அந்தப் பாதியாவது பொருந்தினால் மூக்கையும் சாட்சிக்கு அழைக்கலாம்.

கேள்வி: அகஸ்டஸின் குடும்பத்தார் எல்லோரும் ஒரே சாயலாகத் தெரிகிறார்களே, எப்படிப் பிரித்தறிவது?

பதில்: அந்தச் சாயல் பெரும்பாலும் வேண்டுமென்றே உண்டாக்கப்பட்டது, வாரிசுரிமையை முகமே சொல்ல வேண்டும் என்று விரும்பினார்கள். எனினும் சில பிடிமானங்கள் உண்டு. அகஸ்டஸுக்குப் பின் வந்த பேரரசர் திபேரியஸுக்கு அகன்ற நெற்றி, சிறிய வாய், ஒடுங்கிய மோவாய்; அவருடைய முடி பின்கழுத்தை மறைக்கும் அளவுக்கு இறங்கியிருந்தது, அது அவர் குலத்து வழக்கம்போலும் என்று பேரரசர்களின் வரலாறு எழுதிய ரோமானியரான சுவெட்டோனியஸ் எழுதியிருக்கிறார். பிற்காலப் பேரரசர் கிளாடியஸைத் துருத்திய காதும் நெற்றிச் சுருக்கமும் காட்டிக்கொடுக்கும். நீரோவின் பிற்கால முகத்தில் தடித்த கழுத்தும் அலையலையாக அடுக்கிய முன்முடியும் இருக்கும். இளவரசர்களின் நிலைதான் கடினமானது. பெயரில்லாத இளம் முகத்துக்கு, அகஸ்டஸ் முதல் நீரோ வரையிலான அரச மரபின் பெயரால் ‘ஜூலியோ-கிளாடிய இளவரசர்’ என்று குறிப்பெழுதி நிறுத்திக்கொள்வதை நான் பெரிதும் மதிக்கிறேன்.

பாரிஸில் உள்ள ‘பிரான்சின் பெரிய கேமியோ’வை எண்ணிப் பாருங்கள். 31 செ.மீ. உயரமுள்ள அந்தச் சார்டோனிக்ஸ் என்னும் பல நிற அடுக்குக் கல்லில் 24 உருவங்கள் இருக்கின்றன. இடைக்காலத்தார் அதை எகிப்து மன்னனின் அவையில் யோசேப்பு நிற்கும் விவிலியக் காட்சி என்று நம்பினார்கள். 1620இல்தான் பெய்ரெஸ்க் என்னும் அறிஞர் அது ரோம அரச குடும்பம் என்று கண்டறிந்தார். நடுவில் அமர்ந்திருப்பவர் திபேரியஸ் என்பதைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். சுற்றியுள்ள பலரின் பெயர் பற்றிய வழக்கு இன்றும் தீரவில்லை.

கேள்வி: இலைமாலை சூடியிருந்தால் பேரரசர்தானே?

பதில்: மாலை ஒரு துணைச் சான்று மட்டுமே. தலையணி பிற்காலத்தில் சேர்க்கப்பட்டதாகவும் இருக்கலாம்: பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் பிளாக்காஸ் கேமியோவில் அகஸ்டஸ் நெற்றியில் மின்னும் பொற்பட்டம் இடைக்காலத்தில் பொருத்தியது.

கேள்வி: ஒருவரின் முகத்தை மற்றொருவராக மாற்றிச் செதுக்கியதும் உண்டாமே?

பதில்: உண்டு. கி.பி. 41இல் பேரரசர் கலிகுலா கொல்லப்பட்ட பிறகு, அவர் முகம் தாங்கிய விலையுயர்ந்த கற்களை வீசியெறிய மனமில்லாமல் அடுத்த பேரரசர் கிளாடியஸாக மாற்றினார்கள். கல்லில் குறைக்கத்தான் முடியும், கூட்ட முடியாது. எனவே கழுத்துக்கும் தோளுக்கும் பொருந்தாத சிறிய தலை, பின்னணிக்குள் அமிழ்ந்த கன்னம், புதிய முகத்துக்கு ஒட்டாத பழைய பின்கழுத்து முடி ஆகியவை தடயங்களாக எஞ்சும். முகத்தைத் தொடாமலே ஆளை மாற்றியதும் உண்டு. பாரிஸில் செவ்வந்திக்கல் ஒன்றில் சுருள்தாடியுடன் காரகல்லாவின் மார்பளவு உருவம் இருக்கிறது. பிற்காலக் கிறித்தவர் ஒருவர் அதில் ஒரு சிலுவையையும் ‘பேதுரு’ என்ற கிரேக்க எழுத்துகளையும் பொறிக்க, கிறித்தவரல்லாத அந்தப் பேரரசர் திருத்தூதராகிப் பல நூற்றாண்டுகள் வணங்கப்பட்டார்.

கேள்வி: அகஸ்டஸ் காலத்துக் கல் செதுக்கும் கலைஞர் தியோஸ்கூரிதேஸின் கையொப்பம் இருந்தால் நம்பலாமா?

பதில்: அகஸ்டஸ் முதலில் ஸ்பிங்க்ஸ் உருவத்தையும், பிறகு அலெக்சாந்தரையும், கடைசியாகத் தியோஸ்கூரிதேஸ் செதுக்கிய தம் சொந்த முகத்தையும் முத்திரையாகக் கொண்டார் என்று சுவெட்டோனியஸ் கூறுகிறார். அந்தப் பெயருக்கு இருந்த மதிப்பினாலேயே 18ஆம் நூற்றாண்டில் புதிய கற்களிலும், கையொப்பமில்லாத பழைய கற்களிலும் அதைப் பொறித்தார்கள். ஆகவே முதலில் செதுக்கலை ஆராயுங்கள், எழுத்தை இறுதியில் பாருங்கள்.

கேள்வி: அரிக்கமேட்டில் அகஸ்டஸ் முகம் பொறித்த கல் கிடைத்தது உண்மையா?

பதில்: ஆண் தலை ஒன்று குடைந்த கல் கிடைத்தது, 1937இல் அதை அகஸ்டஸ் என்று சொன்னவர் பிரெஞ்சு அறிஞர் ஜூவோ துப்ரேய். அவர் நாணயவியலும் அறிந்தவர் என்பதால் அந்தக் கருத்துக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் நெற்றி முடியின் ஒழுங்கை எடுத்துக்காட்டாதவரை அந்தப் பெயரை ஒரு கருத்தாகவே நான் எழுதுவேன். அரிக்கமேட்டின் ரோமத் தொடர்பு அந்த ஒரு முகத்தை நம்பி நிற்கவில்லை. 1945இல் தொல்லியலாளர் வீலர் அகழ்ந்தபோது இத்தாலியின் சிவப்பு அர்ரெட்டைன் கலங்களின் துண்டுகளும் மத்தியதரைக் கடல்நாட்டு ஆம்போரா சாடிகளின் துண்டுகளும் மண்ணடுக்குகளிலிருந்தே வெளிவந்தன. எனவே அந்தக் கல்லுக்கு ‘ஆண் தலை, ரோம மரபு’ என்று குறிப்பெழுதினாலும் ஊரின் பெருமை சிறிதும் குறையாது.