அப்பாவின் குரலுக்கு எழுபத்தையாயிரம் ரூபா: கையொப்பமிடலாமா?

தம்பலகாமத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய தந்தையார் நாற்பது ஆண்டுகளாகக் கோயில்களில் பாடிவருபவர். 2011 இல் ஊர்க் கோயிலின் பரிபாலன சபை செலவை ஏற்க, திருகோணமலை நகரிலுள்ள ஒலிப்பதிவுக்கூடமொன்றில் பன்னிரண்டு பாடல்களைப் பாடி இறுவட்டாக வெளியிட்டிருக்கிறார்கள். அவற்றுள் எட்டுப் பாடல்களை எழுதிய ஆசிரியர் 2014 இல் காலமாகிவிட்டார்; அவற்றின் மெட்டு தந்தையாருடையது; மற்றைய நான்கும் தேவாரங்கள். இப்போது ஒரு முகவர் வந்து, பாடல்களை ஸ்பொட்டிஃபையிலும் யூடியூப்பிலும் ஏற்றுவதாகச் சொல்லி, 75,000 ரூபாவுக்கு எல்லா உரிமைகளையும் எழுதித் தரும்படி கேட்கிறாராம். அதிலிருந்து 30,000 ரூபாவைப் பதிப்புரிமைச் சான்றிதழ் எடுப்பதற்காகக் கழித்துக்கொள்வாராம். பழைய ஒலியைச் செம்மைப்படுத்துவதற்கென்று, தந்தையார் பக்கவாத்தியம் இல்லாமல் இரண்டு மணி நேரம் பாடியும் எழுதிக் கொடுத்ததை வாய்விட்டு வாசித்தும் பதிவு செய்து தரவேண்டுமாம். கையொப்பமிடலாமா என்று கேட்கிறார்.

இப்போதுள்ள வடிவில் அந்தத் தாளில் கையொப்பமிட வேண்டாம்.

முதலில் அந்தச் சான்றிதழ். இலங்கையில் பதிப்புரிமைக்குப் பதிவு என்ற ஒன்றே கிடையாது. பாடல் ஆக்கப்பட்ட கணத்திலேயே, விண்ணப்பமோ கட்டணமோ இன்றி, 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அதைப் பாதுகாக்கத் தொடங்கிவிடுகிறது. கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம் வர்த்தகக் குறிகளையும் ஆக்கவுரிமைகளையும் கைத்தொழில் வடிவமைப்புகளையும் பதிவு செய்கிறது. பாட்டைப் பதிவு செய்வதில்லை. ஆகவே அந்த முகவர் 30,000 ரூபாவுக்கு விற்கவிருப்பது, பொன்னிற ஓரமும் வட்ட முத்திரையும் உள்ள வெறுந்தாள். இத்தகைய தாள்களைச் சட்டகமிட்டு வரவேற்பறையில் மாட்டிவைத்த கலைஞர்கள் வீடுகளை உவர்மலையிலும் கண்டிருக்கிறேன், மூதூரிலும் கண்டிருக்கிறேன். சமாதான நீதவானின் முத்திரையைக் காட்டி, இது பதிவுசெய்யப்பட்டது என்று ஏமாற்றுகிறவர்களும் உண்டு. கையொப்பமிட்டவர் இன்னார்தான் என்பதற்கு மேல் அந்த முத்திரை எதையும் சொல்வதில்லை.

அடுத்தது, விற்பதற்கு உங்கள் தந்தையாரிடம் என்ன இருக்கிறது என்பது. ஒரு பாடலுக்குள் ஒன்றுக்கு மேற்பட்டவர்களின் உரிமை குடியிருக்கிறது. எட்டுப் பாடல்களின் வரிகள் அந்த ஆசிரியருடையவை. அவர் இறந்து எழுபது ஆண்டுகள் வரை, அதாவது 2084 முடியும்வரை, அவருடைய வாரிசுகளுக்குரியவை. மெட்டு தந்தையாருடையது. ஒலிப்பதிவு, அதைச் செய்விக்க முன்வந்து பொறுப்பேற்ற பரிபாலன சபைக்குரியதாகவே பெரும்பாலும் கொள்ளப்படும். அதன் ஆயுள் வெளியீட்டிலிருந்து ஐம்பது ஆண்டு, ஆகவே 2061 வரை. பாடியவர் என்ற வகையில் தந்தையாருக்கு வேறொரு உரிமையும் இருக்கிறது. இத்தனை பேரிடம் கேட்கவேண்டிய முகவர் தந்தையார் ஒருவரிடம் மட்டும் கையொப்பம் கேட்பது அறியாமையால் அல்ல. நீங்கள் அனுப்பிய பிரதியின் ஏழாம் பந்தியை மீண்டும் வாசியுங்கள்: எல்லா உரிமைகளுக்கும் தாமே தனி உரிமையாளர் என்று தந்தையார் உறுதி கூறுகிறார், பின்னாளில் யாராவது உரிமை கோரினால் நட்டஈட்டையும் அவரே பொறுப்பேற்கிறார். நாளைக்கு ஆசிரியரின் மகன் கேள்வி கேட்டால், முகவர் அந்தப் பந்தியைக் காட்டிவிட்டு விலகிக்கொள்வார். தாள் முழுவதும் ஆங்கிலத்தில். கையொப்பமிட வேண்டிய இடத்தில் மட்டும் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி.

தேவாரங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இங்கேதான் ஊரே மாட்டிக்கொள்ளும். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய திருக்கோணமலைப் பதிகத்துக்கு இன்று எவரும் பதிப்புரிமை கோர முடியாது; பாடலாம், பதியலாம், விற்கலாம், யாரிடமும் கேட்கவேண்டியதில்லை. ஆனால் அந்தப் பதிகத்தை உங்கள் தந்தையார் 2011 இல் பாடிய அந்தக் குறித்த ஒலிப்பதிவுக்கு உரிமை உண்டு. யூடியூப்பில் 2007 இலிருந்து உள்ளடக்க அடையாள முறை ஒன்று இயங்குகிறது. உரிமையாளர் கொடுத்த ஒலியின் கைரேகை போன்ற ஒன்றை வைத்துக்கொண்டு, அதை ஒத்த ஒலி எந்தக் காணொளியில் வந்தாலும் அது கண்டுபிடித்துவிடும். பிறகு அந்தக் காணொளியின் விளம்பர வருமானம் உரிமை கோரியவருக்குப் போகும், அல்லது காணொளியே முடக்கப்படும். சாதாரண ஆளுக்கு அந்த முறை நேரடியாகக் கிடைப்பதில்லை. முகவர்களும் விநியோக நிறுவனங்களும் வழியாகத்தான் கிடைக்கும். தந்தையாரின் தேவாரப் பதிவை முகவர் அதில் சேர்த்துவிட்டால், உங்கள் கோயில் திருவிழாவை நேரலையாகக் காட்டும்போது ஒலிபெருக்கியில் ஓடுகிற அந்த இறுவட்டையே அது பிடித்துக்கொள்ளும். தான் காசு கொடுத்துப் பதிவு செய்த தேவாரத்துக்காகக் கோயில் உரிமைமீறல் அறிவித்தல் வாங்கும். வேறொருவர் அதே பண்ணில் பாடியதைக்கூட இயந்திரம் சிலவேளை தவறாகப் பொருத்திவிடுகிறது; மறுப்புத் தெரிவிக்கலாம்தான், ஆனால் உரிமை கோரியவர் பதில் சொல்ல முப்பது நாள் அவகாசம் உண்டு, திருவிழா அதற்குள் முடிந்துவிடும். ஆகவே எந்த ஒப்பந்தம் செய்தாலும் அந்த நான்கு தேவாரங்களையும் அடையாள முறையில் சேர்க்கக்கூடாது என்று எழுத்தில் வாங்குங்கள்.

இப்போது இரண்டு மணி நேரப் பதிவு. பழைய ஒலியைச் செம்மைப்படுத்தப் பழைய மூலப்பதிவு போதும். புதிதாகத் தனிக்குரலில் வாசிக்கச் சொல்வது, குரலின் நகலை உருவாக்கும் செயலிக்குப் பயிற்சி கொடுக்கத்தான் என்று கொள்வதே பாதுகாப்பு. 2025 நவம்பரில் டீசர் என்ற இசைத்தளம், தனக்கு நாள்தோறும் வரும் பாடல்களில் ஏறத்தாழ 50,000, அதாவது 34 சதவீதம், முற்றாக இயந்திரம் ஆக்கியவை என்று அறிவித்தது. அந்தச் சந்தையில் பக்திப் பாடலுக்கு, கேட்டவுடன் நம்பத்தக்க, வயது முதிர்ந்த ஒரு குரல் கிடைத்தால் அதை வைத்து நூறு பாடல்களை ஒரே வாரத்தில் இறக்கிவிடலாம். முறையாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள்: 2024 ஜனவரியில் ஏ. ஆர். ரகுமான், மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை இவ்வாறு பயன்படுத்தியபோது, குடும்பத்தாரின் அனுமதியைப் பெற்று ஊதியமும் அளித்ததாகப் பகிரங்கமாகச் சொன்னார். 2023 இல் அமெரிக்க நடிகர்கள் 118 நாள் வேலைநிறுத்தம் செய்ததற்கான காரணங்களில் இந்த நகல் பிரச்சினையும் ஒன்று.

நம் நாட்டுச் சட்டமோ பாடிய பாட்டைக் காக்கிறது, குரலைப் பெயர் சொல்லிக் காக்கவில்லை. 2022 இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வரும் திகதியை ஒத்திவைத்தார்கள். வழக்கென்று வந்தால் கொழும்பிலுள்ள வணிக மேல் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். இரவு ரயிலில் போய், தவணை கேட்டு, இரவு ரயிலில் திரும்பவேண்டும். முன்பு என்னிடம் சட்ட உதவிக்கு வந்த ஒருவருக்காக ஓர் அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதிய முறைப்பாட்டுக்கு ஐந்து மாதம் கழித்துச் சிங்களத்தில் இரண்டு வரி பதில் வந்தது. அதுவும் எந்தப் பிரிவுக்கு மீண்டும் எழுதவேண்டும் என்பதைச் சொல்வதற்கு. ஆகவே உங்களைக் காக்கப்போவது ஒப்பந்தத் தாள் ஒன்றே. உரிமை மாற்றம் எழுத்தில், இரு தரப்பின் கையொப்பத்துடன் இருக்கவேண்டும் என்றும், வெளிப்படையாகக் குறிப்பிடப்படாத உரிமை கைமாறியதாகக் கொள்ளப்படாது என்றும் சட்டம் சொல்கிறது. முகவர் தமது நான்காம் பந்தியில் இனிமேல் கண்டுபிடிக்கப்படவுள்ள தொழில்நுட்பங்களையும் சேர்த்திருப்பது அதற்காகத்தான். அந்தப் பந்தியை வெட்டச் சொல்லுங்கள். பதிவையோ குரலையோ செயற்கை நுண்ணறிவைப் பயிற்றவும் குரல் நகல் செய்யவும் பயன்படுத்தக்கூடாது என்ற ஒரு வரியைத் தமிழில் சேர்க்கச் சொல்லுங்கள். மறுத்தால் அவர் எதற்கு வந்தார் என்பது விளங்கிவிடும்.

முகவர் இல்லாமல் முடியாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முடியும், ஆனால் பெருங்காசு எதிர்பார்க்காதீர்கள். பரிபாலன சபையும் ஆசிரியரின் வாரிசுகளும் தந்தையாரும் ஒரு பக்கத் தாளில் பங்கு பிரித்து எழுதிக்கொண்டு, சபையின் பெயரில் யூடியூப் அலைவரிசை ஒன்றைத் திறக்கலாம். விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரரும் பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஐந்து நிமிடப் பாட்டானால் 48,000 தடவை முழுமையாகக் கேட்கப்படவேண்டும். அதன்பின் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் உங்களுக்கு. ஸ்பொட்டிஃபைக்கு விநியோக நிறுவனம் ஒன்று இடையில் தேவை. அங்கே பன்னிரண்டு மாதத்தில் 1,000 தடவை கேட்கப்படாத பாட்டுக்கு ஒரு சதமும் இல்லை. உரிமையை விற்காமல், இரண்டு ஆண்டுக்கு, இந்த இரு தளங்களுக்கு மட்டும் அனுமதி என்று எழுதினால், முகவரையே விநியோகத்துக்கு வைத்துக்கொள்வதிலும் பிழையில்லை.

யூடியூப் வருமானம் பத்து டொலரைத் தொட்டதும் முகவரியை உறுதிப்படுத்தும் இலக்கம் தபாலில் வரும். நூறு டொலர் சேர்ந்த பிறகே காசு வங்கிக்கு வரும். கோயில் முகவரியைக் கொடுப்பதானால், அந்தக் கடிதம் உண்டியல் கணக்குக் கடிதங்களோடு சேர்ந்து அலுமாரிக்குள் போய்விடாதபடி சபைச் செயலாளரிடமும் தபாற்காரரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.