ஸ்காபரோவில் குடியை விட ஒரு கூட்டம் தேடும் தம்பிக்கு

தம்பி, ஊரிலிருந்து வந்து ஒன்பது மாதம், கனடாவில் ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில் பேஸ்மென்ட் அறை, இரவில் வெயர்ஹவுஸ் வேலை, காலையில் வந்து குடித்தால்தான் நித்திரை என்று எழுதியிருக்கிறீர்கள். குடியை விட உதவும் கூட்டங்களுக்கு எப்படிப் போவது, எவ்வளவு காசு, எங்கட சனம் அறிந்துவிடுமா, பிஆர் (நிரந்தர வதிவிட) விண்ணப்பத்துக்கு இடைஞ்சலா, சேர்ச்சில் நடப்பதால் வேதத்துக்கு மாற்றிவிடுவார்களா என்பவை உங்கள் கேள்விகள். நானும் அந்தக் கூட்டங்களுக்குப் போகிறவன்தான், அதனால்தான் பெயர் போடாமல் எழுதுகிறேன்.

முதலில் நீங்கள் கேட்காத ஒன்று. குடிக்காவிட்டால் கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது என்று இடையில் ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். அப்படியென்றால் நாளைக்கே போத்தலை எறிந்துவிட்டு அறைக்குள் தனியே படுக்க வேண்டாம். நாள்தோறும் நிறையக் குடித்துப் பழகிய உடம்பு சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். இதற்கு டொக்டர்தான் வேண்டும், கூட்டம் போதாது. ஒன்ராறியோவில் ‘ராம்’ கிளினிக் என்று சொல்லப்படும் இடங்கள் இருக்கின்றன. குடி, போதைப் பிரச்சினைக்கென்றே உள்ளவை. குடும்ப டொக்டரின் கடிதம் இல்லாமல் நேரே போகலாம். நடுக்கத்தை மருந்தோடு பாதுகாப்பாக இறக்குவார்கள், பிறகு குடி ஆசையைக் குறைக்க நல்ட்ரெக்ஸோன் போன்ற மாத்திரைகளும் தருவார்கள். பக்கத்தில் எது, எந்த நேரம் திறந்திருக்கும் என்று கேட்க கொனெக்ஸ் ஒன்ராறியோ என்ற உதவித் தொலைபேசிச் சேவையின் 1-866-531-2600 இலக்கத்துக்கு அடியுங்கள். 24 மணி நேரமும் இலவசம், மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். வலிப்போ குழப்பமோ வந்தால் 911தான்.

சரி, கூட்டம். இங்கே அதிகம் நடப்பது ஏஏ, அதாவது அல்ககோலிக்ஸ் அனொனிமஸ். 1935இல் அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் பங்குச் சந்தைக்காரர் ஒருவரும் அறுவைச் சிகிச்சை டொக்டர் ஒருவரும் தொடங்கியது. இருவருமே மொடாக் குடியர்கள். சேர ஒரே ஒரு தகுதிதான்: குடியை விட விருப்பம் இருக்க வேண்டும். கட்டணம் கிடையாது. நடுவில் ஒரு கூடை சுற்றி வரும், பழைய ஆட்கள் இரண்டு மூன்று டொலர் போடுவார்கள். புதிதாக வந்தவர் போடத் தேவையில்லை.

‘ஓப்பன்’ என்று குறித்த கூட்டத்துக்கு யாரும் போகலாம், நண்பரைக் கூட்டிப் போகலாம். ‘குளோஸ்ட்’ என்றால் குடிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். இரண்டுக்கும் நீங்கள் போகலாம், ஆனால் முதல் நாள் ஓப்பன் நல்லது. பத்து நிமிடம் முந்திப் போங்கள். கதவடியில் ஒருவர் கை கொடுப்பார், கோப்பி இருக்கும் (நல்ல கோப்பியை எதிர்பார்க்காதீர்கள்). பின்வரிசையில் இருந்து கேட்டால் போதும். உங்கள் முறை வந்தால் ‘பாஸ்’ என்று சொல்லிவிடலாம், ஒருவரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். ஆங்கிலம் திக்கித் திக்கி வந்தாலும் பரவாயில்லை. அங்கே அழுதுகொண்டே பேசுகிறவர்களின் ஆங்கிலமும் அப்படித்தான் இருக்கும்.

எங்கட சனம் பற்றிய பயம் எனக்கும் விளங்கும். கலியாண வீட்டில் போத்தல் போத்தலாகக் குடிப்பவனை ஒன்றும் சொல்லமாட்டார்கள், விடப் போகிறேன் என்பவனைப் பற்றித்தான் கதைப்பார்கள். ஏஏயில் வரவுப் பதிவு இல்லை, முதற்பெயர் மட்டும்தான், அதையும் மாற்றிச் சொன்னால் யாருக்குத் தெரியும்? தமிழ் முகம் ஒன்றைக் கண்டால் அவரும் அதே காரணத்துக்குத்தான் அங்கே வந்திருக்கிறார். அப்படியும் மனம் ஒப்பாவிட்டால் நோர்த் யோர்க் பக்கமோ பிக்கரிங்கோ போங்கள்.

வேதத்துக்கு யாரும் மாற்றமாட்டார்கள். சேர்ச் மண்டபம் வாடகைக்கு மலிவு, அதனால் அங்கே நடக்கிறது. கடவுள் பேச்சு வரும், சில இடங்களில் முடிவில் ஜெபமும் சொல்வார்கள். நான் நல்லூரானை நினைத்துக்கொண்டு நிற்பேன். அதுவும் வேண்டாம் என்றால் கடவுள் சாராத ஏஏ குழுக்கள் ரொறன்ரோவில் இருக்கின்றன. 2011இல் அவற்றை இங்குள்ள கூட்டப் பட்டியலிலிருந்து நீக்கி, விவகாரம் மனித உரிமைத் தீர்ப்பாயம் வரை போய், பிறகு திரும்பச் சேர்த்தார்கள். ‘ஸ்மார்ட் றிகவரி’ என்று கடவுளே இல்லாத வேறோர் அமைப்பும் உண்டு. குடிக்கத் தோன்றும்போது மனதில் ஓடும் எண்ணங்களை எப்படிக் கையாள்வது என்று பயிற்சி தருவார்கள். எனக்கு ஏஏ ஒத்துவந்தது, உங்களுக்கு இது ஒத்துவரலாம்.

பிஆர் பற்றி: பெயர்ப் பட்டியலே இல்லாத கூட்டத்திலிருந்து குடிவரவுக்காரருக்கு என்ன போகும்? நீங்கள் பயப்பட வேண்டியது கார் ஓட்டுவதற்கு. 2018 டிசம்பரிலிருந்து குடித்துவிட்டு ஓட்டும் குற்றத்துக்கு உச்சத் தண்டனை 10 வருடம். அதனால் குடிவரவுச் சட்டத்தில் அது பாரிய குற்றம் ஆகிவிட்டது. பிஆர் கிடைத்தவரைக்கூட நாடுகடத்த அது வழி. புதிதாக ஓட்டுகிறவர்களுக்கான ஜீ1, ஜீ2 லைசென்ஸ் என்றால் இரத்தத்தில் துளி மதுவும் இருக்கக் கூடாது. காலையில் குடித்துப் படுத்தவர் இரவு வேலைக்கு ஓட்டும்போது எல்லாம் இறங்கியிருக்கும் என்று நம்பாதீர்கள். கொஞ்ச நாளைக்கு பஸ்ஸில் போங்கள்.

இரவு வேலைக்காரருக்கு ஒரு வசதி, அதிகாலையிலும் கூட்டம் நடக்கும். ‘மீற்றிங் கைட்’ என்ற ஏஏயின் சொந்தச் செயலியில் நாள், நேரம், இடம் போட்டுத் தேடலாம், இணையக் கூட்டங்களும் அதில் வரும். தமிழில்தான் மனம் திறக்கும் என்றால் தமிழ்நாட்டுக் குழுக்களின் இணையக் கூட்டங்களைத் தேடிப் பாருங்கள். சென்னையில் இரவு ஏழு மணி என்றால் இங்கே கோடையில் காலை ஒன்பதரை, குளிர்காலத்தில் எட்டரை. நீங்கள் வேலையால் வந்து போத்தலைத் திறக்கிற நேரம்தானே அது.