பழைய அம்பாசடரில் அலாய் வீல் போட்டால் ஓட்டம் மாறுமா?

மாறும். ஆனால் அழகால் அல்ல, எடையால்; அலுமினியக் கலவையில் செய்த அலாய் வீல் பொதுவாக இரும்பு வீலைவிட லேசு. சக்கரம், டயர், பிரேக் டிரம் எல்லாம் ஸ்பிரிங்கின் மேல் உட்காராத எடை. மெக்கானிக்குகள் இதை 'அன்ஸ்ப்ரங் வெயிட்' என்பார்கள். பள்ளத்தில் இறங்கிய சக்கரம் சட்டென்று மீண்டு ரோட்டைப் பிடிக்க வேண்டும். கனம் கூடினால் தாமதமாகும். அந்த நேரம் டயருக்குப் பிடி குறைவு. இரண்டு கிலோவை முதுகில் சுமந்து ஓடுவதற்கும் காலில் கட்டிக்கொண்டு ஓடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

அம்பாசடரின் பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங்கும் (அடுக்கிய இரும்புப் பட்டைகள்) இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே கட்டை ஆக்சிலும். சுழற்சியை இரண்டு பின்சக்கரத்துக்கும் பிரித்துத் தரும் பற்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலோடு சேர்த்து அந்த ஆக்சிலும் இந்தக் கணக்கில்தான் வரும். அதனால் வீலை மட்டும் மாற்றிவிட்டு அதிசயம் எதிர்பார்க்காதீர்கள். என்னைக் கேட்டால், முதல் செலவு ஷாக் அப்சார்பருக்கும் இணைப்புகளில் மெத்தைபோல் இருக்கும் தேய்ந்த ரப்பர் புஷ்ஷுக்கும். பம்பரின் ஒரு மூலையை அமுக்கி விடுங்கள்; வண்டி இரண்டு மூன்று முறை ஆடினால் அந்தப் பக்கத்து ஷாக் போய்விட்டது. அப்புறம் நல்ல ரேடியல் டயர். அலாய் அதற்குப் பிறகு.

பெரிய ரிம் என்றால் பிடி அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். 15 அங்குலத்திலிருந்து 17-க்குப் போனால் பெரும்பாலும் எடை கூடும், டயரின் பக்கச்சுவர் குறுகும், குலுக்கல்தான் மிச்சம்.