சந்தில் தளம் போடுகிறீர்களா? சுவரைக் கொத்த விடாதீர்கள்

கேள்வி: வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்ட் சுவருக்கும் நடுவே 4 அடிச் சந்து. வாஷிங் மெஷின் வைக்க 8 அடி நீளத்துக்கு காங்கிரீட் தளம் போடுகிறோம். சுவரைக் கொத்தி அதற்குள் காங்கிரீட்டைக் கடிக்க விட்டால்தான் பிடிக்கும் என்கிறார் மேஸ்திரி. செய்யலாமா?

வேண்டாம். சுவரில் உளியே படக் கூடாது. வீட்டுச் சுவர் நாலைந்து அடி ஆழ அஸ்திவாரத்தில் நிற்கிறது. தளமோ, அந்த அஸ்திவாரக் குழியை மூடிய மண்மேல் உட்காரப் போகிறது. நாலு மழை பெய்தால் அந்த மண் கொஞ்சம் இறங்கும், தளமும் கூடவே இறங்கும். சுவர் அதைப் பிடித்துக்கொண்டால் தளத்தில் விரிசல் விழும், சுவர்ப் பூச்சும் பெயர்ந்து வரும்.

இரண்டு சுவர் ஓரமும் அரை அங்குலத் தெர்மோகோல் பட்டையை நிறுத்திவிட்டுக் காங்கிரீட் கொட்டுங்கள். இறுகிய பிறகு மேலே அரை அங்குலம் தெர்மோகோலைச் சுரண்டி எடுத்து, சீலன்ட் (ரப்பர் போல இழுபடும் அடைப்புப் பசை) வைத்து அடையுங்கள். அங்கே சிமெண்ட் கலவையைப் பூசினால் மறுபடி ஒட்ட வைத்த கதைதான். மண்ணை நனைத்துத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்குவது, தளத்தை வீட்டின் பேஸ்மட்டத்துக்கு அரை அடியாவது கீழே நிறுத்துவது, தண்ணீர் ஓட காம்பவுண்ட் பக்கம் அரை அங்குலம் வாட்டம் (சரிவு) விடுவது எல்லாம் மேஸ்திரிக்கே தெரியும்.

அப்புறம் சரக்கு. 4 அங்குலக் கனத்துக்கு 1:1½:3 கலவையில் (ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி) சிமெண்ட் இரண்டரை மூட்டை, எம்-சாண்ட் (கருங்கல்லை உடைத்துச் செய்யும் மணல்) நாலரை கன அடி, முக்கால் அங்குல ஜல்லி 9 கன அடி. அவ்வளவுதான். இதற்கு அரை யூனிட், அதாவது 50 கன அடி, உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். எம்-சாண்ட் என்று கிரஷர் தூளை, அதாவது ஜல்லி உடைக்கும்போது மிஞ்சும் தூளை, கொட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. ஒரு கண்ணாடித் தம்ளரில் கொஞ்சம் மணலைப் போட்டுத் தண்ணீர் விட்டுக் கலக்கி வையுங்கள். மணலுக்கு மேல் மாவு மாதிரி தடிப்பாகப் படிந்தால் திருப்பி அனுப்புங்கள். பொதுப்பணித்துறை எம்-சாண்ட் ஆலைகளைச் சோதித்து ஒப்புதல் தருகிறது, சரி. நாலு சாக்கு வாங்குகிறவர் கையில் அந்த ஆலையின் பெயர் போட்ட ஒரு சீட்டாவது வந்து சேர வேண்டாமா? எத்தனை வருடமாகக் கேட்கிறோம்!

கலவைக்கு விடும் தண்ணீர், ஒரு மூட்டை சிமெண்டுக்கு 30 லிட்டரைத் தாண்டக் கூடாது. மேலே உலர்ந்த சிமெண்டைத் தூவிப் பளபளப்பாகத் தேய்த்துக் கொடுத்தால் மயங்காதீர்கள், அந்தத் தோல் சீக்கிரமே செதில் செதிலாக உரியும். பாத்தி கட்டிப் பத்து நாள் தண்ணீர் நிறுத்துங்கள்.

சந்தில் சாக்கடைச் சேம்பர் இருந்தால் மட்டும் கதை வேறு. மூடியைத் தளத்துக்கு அடியில் புதைக்காதீர்கள். சேம்பரின் வாயைச் செங்கல் வைத்துப் புதுத் தளமட்டத்துக்கு உயர்த்தி, அதைச் சுற்றியும் தெர்மோகோல் வையுங்கள். சதுர ஓட்டையின் மூலையிலிருந்துதான் விரிசல் கிளம்பும். அதனால் ஒவ்வொரு மூலைக்கும் குறுக்கே 2 அடி நீள 8 மில்லிமீட்டர் கம்பி ஒன்று போடச் சொல்லுங்கள். மெஷினை மூடிமேல் வைக்க வேண்டாம். அடைப்பு எடுக்க வந்தவர் மூடி எங்கே என்று தெரியாமல், போட்டு ஆறு மாதம்கூட ஆகாத தளத்தைக் கடப்பாரையால் மூன்று இடத்தில் உடைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.