கேள்வி அப்பாவுக்கு, பதில் சொன்னது நீங்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது. இரண்டு வருஷமாக வறட்டு இருமல். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்தார்கள், பலனில்லை. போன மாதம் புதிதாகப் பார்த்த மருத்துவர், ஸ்கேனில் நுரையீரலின் அடிப்பகுதியில் தழும்பு தெரிகிறது என்றார். "இவர் ஆஸ்பெஸ்டாஸ் சம்பந்தப்பட்ட வேலை ஏதாவது செய்தாரா?" என்றும் கேட்டார். அப்பா வெளியே உட்கார்ந்திருந்தார். ஏதோ குழாய் கம்பெனியில் இருந்தார், சரியாகத் தெரியாது, அதெல்லாம் 30 வருஷத்துக்கு முந்தைய கதை என்று சொல்லிவிட்டு வந்தேன். இப்போது படிக்கப் படிக்கப் பயமாக இருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் நோய்க்கு மிகச் சிறந்த நுரையீரல் நிபுணரை எப்படிக் கண்டுபிடிப்பது? அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. பயந்த சுபாவம்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, நிபுணர் இருக்கட்டும். "அப்பா வெளியே உட்கார்ந்திருந்தார்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

ஒரு நல்ல மருத்துவர் சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறார். அதற்குப் பதில் தெரிந்த ஒரே மனிதர் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். எழுந்து போய்க் கூப்பிட அரை நிமிஷம் ஆகியிருக்குமா? நீங்கள் கூப்பிடவில்லை. தெரியாத பதிலை நீங்களே சொல்லிவிட்டு வந்துவிட்டீர்கள். இப்போது அதைவிடப் பெரிய மருத்துவர் வேண்டும் என்கிறீர்கள். அவரும் முதலில் இதைத்தான் கேட்பார். அவரிடமும் "ஏதோ குழாய் கம்பெனி" என்றுதான் சொல்லப்போகிறீர்களா?

இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. நோய் வேறாக இருக்கும், வழக்கம் ஒன்றுதான். பெற்றவர்களுக்கு வயதானதும் அவர்கள் பேச வேண்டியதையெல்லாம் பிள்ளைகள் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். இதை அக்கறை என்று நினைக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவருடைய மூச்சு, அவருடைய நுரையீரல். அதைப் பற்றிய பேச்சு நடக்கும் அறையில் அவருக்கு ஒரு நாற்காலி இல்லையென்றால் அது மரியாதைக் குறைவு. பயந்த சுபாவமாம்! அந்தக் குழாய் கம்பெனித் தூசிக்குள் வருஷக்கணக்கில் நின்று உங்களைப் படிக்க வைத்தவர் அவர். பயம் யாருக்கு என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

"30 வருஷத்துக்கு முந்தைய கதை" என்று தள்ளிவிட்டீர்கள். இந்த நோய்க்குக் கணக்கே அதுதான். ஆஸ்பெஸ்டாஸ், அதாவது கல்நார் இழை மூச்சோடு உள்ளே போய் நுரையீரலின் கடைக்கோடிக் காற்றுப்பைகள் வரை இறங்கும். உடம்பால் அதைக் கரைக்க முடியாது. அதைச் சுற்றி அழற்சி, அழற்சி ஆறிய இடத்தில் தழும்பு. தூசி முதலில் உள்ளே போன நாளிலிருந்து 20, 30, 40 வருஷம் கழித்துத்தான் மூச்சு வாங்கும். நுரையீரலின் மேலுறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய்க்கு 30 முதல் 50 வருஷம்கூட ஆகலாம். வேலையை விட்டு எத்தனை காலம் ஆனாலும் உள்ளே போனது உள்ளேதான் இருக்கிறது.

அதனால்தான் அந்த மருத்துவர் வேலையைக் கேட்டார். ஸ்கேனில் தெரியும் அடிப்பகுதித் தழும்பு வேறு பல காரணங்களாலும் வரும். காரணமே தெரியாமல் வருகிற வகையும் இருக்கிறது, பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அமெரிக்கத் தொராசிக் சொசைட்டி 2004-ல் வெளியிட்ட வழிமுறை மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது: நுரையீரலில் மாற்றம் இருக்கிறதா, கல்நாரோடு தொடர்பு இருந்ததா, வேறு காரணம் இல்லை என்று உறுதியாகிறதா. நடுவில் இருக்கிற இரண்டாவதை எந்த மெஷினும் அவ்வளவு சுலபமாகச் சொல்லாது. உறையில் சுண்ணாம்பு படிந்த தடிப்புகள் இருந்தால் ஒரு துப்பு கிடைக்கும். மற்றபடி நோயாளியின் வாயிலிருந்துதான் வர வேண்டும். அவர் வேலை விவரம் தெளிவாக இருந்தால், பெரும்பாலும் நுரையீரலிலிருந்து சதை எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியமே வராது. நீங்கள் வாயை மூடிக்கொண்டால் அவர் உடம்பைத் திறந்து பார்க்க வேண்டி வரலாம்.

ஆகவே, முதல் வேலை நிபுணரைத் தேடுவது இல்லை. இன்று சாயங்காலம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அப்பா பக்கத்தில் உட்காருங்கள். டாக்டர் கேட்டதை அப்படியே சொல்லுங்கள். எந்த வருஷம் சேர்ந்தார், எந்த வருஷம் விட்டார்? கல்நார் மூட்டையைப் பிரித்துக் கொட்டினாரா, குழாய் செய்ய அதைச் சிமென்ட்டோடு கலக்கும் இடத்தில் நின்றாரா, குழாயை அறுத்தாரா, முனையைக் கடைசல் போட்டாரா? இதெல்லாம் ஒன்றல்ல. காய்ந்த மூட்டையைப் பிரிப்பதிலும் குழாயை அறுப்பதிலும் பறக்கிற தூசி வேறு, ஈரக் கலவையில் பறப்பது வேறு. எதிரில் நின்றவர் முகம் தெரிந்ததா? முகமூடி கொடுத்தார்களா? அதற்கு முன்னும் பின்னும் வேறு என்ன வேலை பார்த்தார்? கூட வேலை செய்தவர்களில் யாருக்காவது நெஞ்சு நோய் வந்ததா? பீடி, சிகரெட் உண்டா? கடைசிக் கேள்வியை வெட்கப்பட்டு விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவில் கொதிகலன்களுக்கும் குழாய்களுக்கும் கல்நார்ப் போர்வை சுற்றிய தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வு 1979-ல் வெளிவந்தது. கல்நார், புகைப்பழக்கம் இரண்டும் இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், நுரையீரல் புற்றுநோயால் சாகும் அபாயம் கல்நார் மட்டும் என்றால் சுமார் 5 மடங்கு, புகை மட்டும் என்றால் சுமார் 11 மடங்கு, இரண்டும் சேர்ந்தால் 50 மடங்குக்கு மேல். அப்பா இன்னும் புகைத்தால் இன்றே நிறுத்த வேண்டும்.

அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். அதோடு ஸ்கேன் சி.டி.யையும் எடுத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படத்தைத் தம் கண்ணால் பார்க்கிற மருத்துவர்தான் உங்களுக்கு வேண்டும்.

இப்போது நிபுணர். கல்நார் நோய்க்கென்று தனியாகப் பட்டம் வாங்கிய மருத்துவரைத் தேடி அலையாதீர்கள். நுரையீரல் மருத்துவர்களில், தழும்பு விழும் நோய்களை, அதாவது ஐ.எல்.டி. என்று அவர்கள் சொல்லும் வகையை, வாராவாரம் பார்க்கிறவர் வேண்டும். மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த பெரிய மருத்துவமனைகளில் இதற்கென்று தனிக் கிளினிக் இருக்க வாய்ப்பு அதிகம். போன் செய்து கேளுங்கள்: நுரையீரல் மருத்துவரும் ஸ்கேன் படிக்கிறவரும் திசுவைச் சோதிக்கிற பெத்தாலஜிஸ்ட்டும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு நோயாளியைப் பற்றிப் பேசும் கூட்டம் அங்கே உண்டா? ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரியோடு, ஆக்ஸிஜன் ரத்தத்துக்குள் எவ்வளவு போகிறது என்று காட்டும் டி.எல்.சி.ஓ. பரிசோதனையும் செய்கிறார்களா? தொழில்சார் நோய் மருத்துவர் இருக்கிறாரா? இதற்கெல்லாம் ஆம் என்று பதில் வந்தால் அங்கே போங்கள். விளம்பரப் பலகையில் இருக்கிற பெயருக்காகப் போகாதீர்கள். நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்றோ, விலா ஓரம் விடாமல் வலிக்கிறது என்றோ வந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. உறையிலிருந்து திசு எடுத்துப் பரிசோதிக்கும் வசதியுள்ள இடத்துக்கு உடனே போக வேண்டும்.

அந்த மருத்துவரைச் சந்திக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வேலையைப் பற்றி இரண்டு நிமிஷம்கூடக் கேட்காமல் மருந்துச் சீட்டை எழுதினால் வேறு ஆளைப் பாருங்கள். விழுந்த தழும்பை அழிக்கும் மருந்து கிடையாது. எவராவது அழித்துக் காட்டுகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். தழும்பு வேகமாகப் பரவினால் வேகத்தைக் குறைக்கும் மருந்து இருக்கிறது. மூச்சுப் பயிற்சி, தேவைப்பட்டால் ஆக்ஸிஜன், ஃப்ளூவுக்கும் நிமோனியாவுக்கும் தடுப்பூசி, இவையெல்லாம் நிச்சயம் உதவும். தொழிலால் வந்த நோய் என்று உறுதியானால் அதை எழுத்தில் வாங்குங்கள். இழப்பீடு கேட்க உரிமை இருக்கலாம், அதற்குக் காலக்கெடுவும் இருக்கலாம்.

ஒன்று விட்டுப்போனது. அப்பா வேலை முடிந்து எந்த உடையில் வீட்டுக்கு வந்தார்? அதை உதறித் துவைத்தது யார்? பதில் அம்மா என்றுதான் நினைக்கிறேன். 1965-ல் லண்டனில் வெளிவந்த ஆய்வு, ஆலைக்குள் காலே வைக்காத, வீட்டில் இருந்த உறவினர்களுக்கும் மீசோதீலியோமா வந்திருப்பதைக் காட்டியது. அம்மாவுக்கு இன்று இருமல் இல்லாவிட்டாலும் இந்த விவரம் அவருடைய மருத்துவக் குறிப்பிலும் ஏற வேண்டும். அப்பாவுக்கு எழுதும் அதே நோட்டில் அம்மா எத்தனை வருஷம் துவைத்தார் என்பதையும் எழுதி, இருவரையும் சேர்த்தே அழைத்துப் போங்கள். அவரவர் விஷயத்தை அவரவரே சொல்லட்டும்.