கேள்வி பதில்: தக்காளி பெர்ரிதான், ஸ்ட்ராபெரி அல்ல

கனிகளைப் பற்றி பெங்களூரு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

கேள்வி: பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகளின் புத்தகத்தில் வாழைப்பழம், தக்காளி, கத்திரிக்காய் எல்லாம் பெர்ரி என்றும், ஸ்ட்ராபெரி பெர்ரி இல்லை என்றும் இருக்கிறது. எதை வைத்து இப்படிப் பிரிக்கிறார்கள்? (வாசகி, அல்சூர்)

பதில்: இனிக்கிறதா, குழம்பில் போடுகிறோமா என்பதையெல்லாம் தாவரவியலார் பார்ப்பதில்லை. பூவின் எந்தப் பகுதி கனியின் எந்தப் பகுதியாக மாறியது என்பதுதான் கணக்கு. பூவின் சூற்பை கனியாகிறது. அதற்குள் இருக்கும் சூல்கள் விதைகளாகின்றன. சூற்பையின் சுவர் மூன்று அடுக்காக வளரும்: வெளியே தோல், நடுவே சதை, உள்ளே விதையை ஒட்டிய உறை. இந்த உள்ளுறை கல் மாதிரி இறுகாமல் மென்மையாகவே இருந்தால், அந்தக் கனி பெர்ரி.

ஒரு நாட்டித் தக்காளியை, காம்பு மேலே இருக்கும்படி வைத்துக் குறுக்கே வெட்டச் சொல்லுங்கள். அறை அறையாகப் பிரிந்திருக்கும். நடுவிலுள்ள சதையிலிருந்து விதைகள் கிளம்பும். அவற்றைச் சுற்றி வழவழப்பான கூழ். கடினமான ஓடு எங்கும் கிடையாது. அடுத்து ஏலக்கி வாழைப்பழத்தை வெட்டினால் நடுவில் சிறு கருப்புப் புள்ளிகள் தெரியும். அவை விதையாகாமல் நின்றுபோன சூல்கள். காட்டு வாழையில் அதே இடத்தில் பல்லுடைக்கும் கருப்பு விதைகள் இருக்கும்.

ஸ்ட்ராபெரியில் நாம் சாப்பிடும் சிவப்புச் சதை சூற்பையே அல்ல. பூ உட்கார்ந்திருந்த பூத்தளம் பருத்தது. மேலே ஒட்டியிருக்கும் மணல் போன்ற ஒவ்வொரு துணுக்கும் தனித்தனி உலர்கனி. அதற்குள்தான் விதை இருக்கிறது. ஆப்பிளிலும் பெரும்பகுதி சதை சூற்பைக்கு வெளியே இருந்து வந்ததுதான். நாம் தூக்கி எறியும் நடுப்பகுதியே சூற்பை.

பட்டியலை மனப்பாடம் செய்வதால் இது விளங்காது. மகள் கையில் கத்தியையும் நான்கு பழங்களையும் கொடுங்கள், ஒரு மாலையில் பிடிபட்டுவிடும்.

கேள்வி: பேரீச்சங்கொட்டை அப்படியே முளைக்கிறது. பாதாமி (அல்போன்சா) மாங்கொட்டையைத் தொட்டியில் புதைத்து இரண்டு மாதமாகியும் அசைவில்லை. ஏன்? (வாசகர், மடிவாளா)

பதில்: இரண்டும் கொட்டை என்றாலும் ஒரே பொருள் அல்ல. மாங்கொட்டையின் ஓடு, மேலே சொன்ன மூன்று அடுக்குகளில் உள்ளுறை, இறுகிக் கட்டையாகிவிட்டது. விதை அதற்குள் இருக்கிறது. இப்படிப்பட்ட கனியை ட்ரூப் என்பார்கள். தேங்காயும் ட்ரூப்தான்: நார் நடு அடுக்கு, சிரட்டை உள்ளடுக்கு. பேரீச்சையோ பெர்ரி. கொட்டையைச் சுற்றி மெல்லிய வெள்ளைச் சவ்வு உரிந்து வருகிறதே, அதுதான் அதன் உள்ளுறை. கடினமான கொட்டை முழுவதும் விதை. அதனால் உடைக்கவே வேண்டாம், ஊறவைத்து நட்டால் போதும்.

மாங்கொட்டையை இப்படிச் செய்து பாருங்கள். சதை போகத் தேய்த்துக் கழுவி, ஒரு நாள் நிழலில் உலர்த்துங்கள். ஓட்டின் மெல்லிய ஓரத்தைச் செடி வெட்டும் கத்தரியால் நறுக்கி, இரண்டாகப் பிளந்து விதையை எடுங்கள். அவசரப்பட்டு நடுவில் குத்தினால் முளைக்கருவே நசுங்கிவிடும். விதையில் துளையும் கருப்புத் தூளும் இருந்தால் மாங்கொட்டை வண்டு தின்றுவிட்டது என்று பொருள். பழத்தின் வெளியே இது தெரியவே தெரியாது. உங்கள் கொட்டைக்கும் இது நேர்ந்திருக்கலாம். நல்ல விதையை, முதுகு மேலே இருக்கும்படி 2 முதல் 3 சென்டிமீட்டர் ஆழத்தில் நடுங்கள். எடுத்து வைத்துப் பிறகு நடலாம் என்று நினைக்காதீர்கள். மா விதை காய்ந்தால் செத்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பாதாமியில் ஒரு விதைக்கு ஒரு முளைதான், அதுவும் கலப்பில் வந்தது. தாய் மரத்தின் பழம் அப்படியே கிடைக்காது. அதே ருசி வேண்டுமென்றால் ஒட்டுக்கன்று வாங்குங்கள்.

கேள்வி: மாடித் தொட்டியில் சீத்தா காய்க்கிறது. ஆனால் ஒவ்வொரு பழமும் ஒரு பக்கம் சப்பை. என்ன உரம் போடலாம்? (வாசகி, ஜெயநகர்)

பதில்: உரத்தால் இது தீராது. சீத்தாவின் ஒரே பூவில் பல சூலகங்கள் (சூற்பையைக் கொண்ட பெண் உறுப்புகள்) தனித்தனியாக, நெருக்கமாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சுளையாகி, எல்லாம் ஒட்டி ஒரு பழமாகத் தெரிகிறது. இதைத் திரள்கனி என்பார்கள். மகரந்தம் சேராத பக்கத்துச் சூலகங்கள் சரியாகப் பருப்பதில்லை, அந்தப் பக்கம் சப்பையாகிறது.

சீத்தாப் பூ முதலில் பெண் நிலையிலும் பிறகு ஆண் நிலையிலும் இருப்பதால் தன் மகரந்தம் தனக்குப் பெரும்பாலும் உதவாது. தோட்டத்தில் சிறு வண்டுகள் பார்த்துக்கொள்ளும் வேலையை மாடியில் நீங்கள் செய்ய வேண்டும். இதழ்கள் நன்கு விரிந்து மகரந்தம் உதிரும் பூவைத் தேடி, மென்மையான தூரிகையால் தூளைச் சேகரியுங்கள். இதழ் பாதியே திறந்த இன்னொரு பூவுக்குள் தூரிகையை விட்டு, நடுக்கூம்பின் எல்லாப் பக்கமும் சுற்றித் தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் தடவினால் மறுபடியும் சப்பைப் பழம்தான்.

பலா வேறு வகை. ஒரு பூ அல்ல, ஒரு பூங்கொத்து முழுவதும் சேர்ந்து ஒரே கனியாவதால் அது கூட்டுக்கனி. சுளை என்பது பருத்த பூவிதழ். இடையில் வரும் சடை, கருவுறாத பூக்களுடையது.

கேள்வி: வாங்கி வைத்த சௌசௌ முளைவிட்டுவிட்டது. விதையை எப்படிப் பிரித்து நடுவது? (வாசகர், விவேக்நகர்)

பதில்: பிரிக்கவே கூடாது. வெள்ளரி, பூசணி குடும்பம்தான் என்றாலும் இதில் ஒரே விதை, அதற்குக் கடினமான தோலும் இல்லை. காய்க்குள்ளேயே முளைப்பது அதன் இயல்பு. காயோடு சாய்வாகப் படுக்கவைத்து, முளை வெளியே தெரியும்படி முக்கால் பங்கு மூடுங்கள். முளை வளரும்வரை தண்ணீரைக் குறையுங்கள், இல்லாவிட்டால் காய் அழுகும். பந்தல் இல்லாமல் இது வேண்டாம், கொடி வெகுதூரம் ஓடும்.

கேள்வி: தேவனஹள்ளி பம்ளிமாஸ் சில சமயம் கசக்கிறது. பழுக்காததாலா? (வாசகி, பிரேசர் டவுன்)

பதில்: உரிக்கும் முறையால் இருக்கலாம். எலுமிச்சை, ஆரஞ்சு வகைக் கனிகளில் மேல்தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள், அதன் கீழே பஞ்சு போன்ற வெள்ளை நடு அடுக்கு, பிறகு சுளையின் சவ்வாக உள்ளடுக்கு. நாம் சாப்பிடும் சாற்று முத்துகள் அந்தச் சவ்விலிருந்து உள்நோக்கி வளர்ந்த மயிர்கள். பம்ளிமாஸில் பெரிதாக இருப்பதால் அடிப்பக்கம் ஒட்டியிருப்பது கண்ணுக்கே தெரியும். கசப்பு தரும் நரிஞ்சின் வெள்ளைப் பஞ்சிலும் சவ்விலும் அதிகம். ஆரஞ்சு மாதிரி சவ்வோடு சாப்பிடாமல், சுளையின் மெல்லிய விளிம்பைக் கீறிச் சவ்வை முழுவதும் உரித்து, முத்துகளை மட்டும் எடுங்கள்.