அப்பாவின் பிபிஓவில் (பென்ஷன் ஆணையில்) அம்மா பெயர் சரியா? முன்னாள் படைவீரர் குடும்பங்களின் கேள்விகளுக்குப் பதில்

ராணுவத்தில் கிளார்க் டிரேடில் 26 வருடம் இருந்துவிட்டு நாயிப் சுபேதாராக பென்ஷனில் வந்தவன் நான். இப்போது எங்கள் வட்டத்து முன்னாள் படைவீரர் சங்கத்தில் பென்ஷன் தாள்களைப் பார்க்கும் வேலை என்னுடையது. பலரும் கேட்டிருந்த கேள்விகளை எடுத்து, தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அப்பா போன மாதம் தவறிவிட்டார், ஆர்ட்டிலரியில் இருந்தவர். அம்மாவுக்குக் குடும்ப பென்ஷன் கேட்கப் போனால் ஆதாரில் ஒரு பெயர், பிபிஓவில் வேறு பெயர் என்கிறார்கள். பென்ஷன் கிடைக்காமலே போய்விடுமா?

பதில்: கிடைக்கும் தம்பி. அம்மாவிடம் முதலில் அதைச் சொல்லுங்கள், பயந்துபோய் இருப்பார்கள். எப்போது அனுமதி வந்தாலும் அப்பா தவறிய மறுநாளிலிருந்து கணக்குப் போட்டு நிலுவையோடு தருவார்கள், நாள் தள்ளிப்போவதால் பணம் குறையாது.

இந்தப் பெயர்ச் சிக்கல் நம் ஊர்க்காரர்களுக்கு ரொம்பச் சகஜம். போன வருடம் ஒரு அம்மா மஞ்சள் பையில் சுற்றி, படையிலிருந்து விடுவிக்கும்போது கொடுத்த கணவருடைய டிஸ்சார்ஜ் புக்கைக் கொண்டுவந்தார். ஓரமெல்லாம் கரையான் அரித்து, நடுப்பக்கத்தில் மை கலங்கிப்போய் இருந்தது. ஆதாரில் அவர் பெயர் செல்லம்மாள், முன்னால் அப்பா பெயரின் இனிஷியல். டிஸ்சார்ஜ் புக்கில் 'செல்லம்மா தேவி'. எழுதிய வடநாட்டு கிளார்க்குக்குக் கல்யாணமான பெண் என்றால் பின்னால் ஒரு தேவி வேண்டும், போட்டுவிட்டார். நானும் கிளார்க்காக இருந்தவன்தான், ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு எழுதுவோம் என்று எனக்குத் தெரியும், ஆனால் அந்த ஒரு சொல்லைச் சரிபண்ண அந்த அம்மா ஏழு மாதம் அலைந்தார். பிறந்த தேதி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும்.

நீங்கள் செய்யவேண்டியது இது. இறப்புச் சான்றிதழ், பிபிஓ, டிஸ்சார்ஜ் புக், அம்மாவின் ஆதார், பான், வங்கிப் புத்தகம், இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரி முன்னால் கொடுக்கும் பிரமாணப் பத்திரம், இவற்றை எடுத்துக்கொண்டு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் போங்கள், பழைய ஆட்கள் சோல்ஜர் போர்டு என்பார்களே அதுதான். அவர்கள் வழியாக, அப்பாவின் சர்வீஸ் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்குப் போகவேண்டும். ஆர்ட்டிலரி என்றால் நாசிக் ரோடு, மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர். பெயர் திருத்தத்துக்கு அவர்கள் கேட்கும் தாள்கள் பிரிவுக்குப் பிரிவு கொஞ்சம் மாறும், எழுதிக் கேட்டால் பட்டியல் அனுப்புவார்கள். கூடவே படைத்துறைப் பென்ஷனுக்கான ஆன்லைன் தளமான ஸ்பர்ஷில் இறப்பைப் பதிந்துவிடுங்கள். அதற்குப் பிறகும் அப்பா கணக்கில் பென்ஷன் விழுந்தால் ஏடிஎம் கார்டு போட்டு எடுத்துவிடாதீர்கள், பின்னால் பிடித்தம் செய்வார்கள், அந்த நேரத்தில் அது பெரிய மனவேதனை.

தொகை எவ்வளவு என்றும் கேட்டிருந்தீர்கள். சாதாரணக் குடும்ப பென்ஷன் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், அது 9,000 ரூபாய்க்குக் குறையாது, அகவிலைப்படி தனி. ஓய்வுபெற்ற பிறகு இறந்தவர் என்றால் முதல் 7 வருடமோ, அவருக்கு 67 வயது ஆகியிருக்கவேண்டிய நாள் வரையோ, எது முதலில் வருகிறதோ அதுவரை 50 சதவீதக் கணக்கில் வரும். அம்மாவின் பிறந்த தேதியையும் இதே விண்ணப்பத்தில் ஏற்றச் சொல்லுங்கள். 80 வயதில் 20 சதவீதம், 85இல் 30, 90இல் 40 என்று கூடுதல் பென்ஷன் உண்டு, தேதி இல்லாத விதவைகளுக்கு அது வருவதே இல்லை, வரவேண்டும் என்று அவர்களுக்குத் தெரிவதும் இல்லை.

இதைப் படிக்கிற மற்றவர்கள், அப்பா உயிரோடு இருந்தால் இன்றைக்கே பிபிஓவை எடுத்து அம்மா பெயரையும் பிறந்த தேதியையும் ஆதாரோடு வைத்துப் பாருங்கள். தவறிருந்தால் அவர் கையெழுத்துப் போட்டுத் திருத்துவது எவ்வளவோ சுலபம்.

கேள்வி: 17 வருடத்துக்கு முன் பென்ஷன் வந்தேன். பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கியிருந்தேன், அப்படிக் கம்யூட் செய்த தொகை திரும்பச் சேர்ந்ததா என்று தெரியவில்லை.

பதில்: 15 வருடம் முடிந்ததும் பிடித்தம் நிற்கவேண்டும் அண்ணே. ஸ்பர்ஷில் உங்கள் மாதப் பென்ஷன் சீட்டைத் திறந்தால் கம்யூட்டேஷன் பிடித்தம் தனி வரியாக இருக்கும். இன்னும் ஓடினால் ஸ்பர்ஷிலேயே குறை பதியுங்கள், அதிகமாகப் பிடித்ததைத் திருப்பித் தருவார்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் 41 வயதில் வெளியே வந்தார். ராத்திரி தூங்குவதில்லை, குடி கூடிவிட்டது, யாரிடமும் பேசுவதில்லை. வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது. சங்கத்தால் ஏதாவது செய்யமுடியுமா?

பதில்: அம்மா, வெட்கப்பட இதில் ஒன்றுமே இல்லை. இருபது வருடம் காலையில் விசில் அடித்தால் எழுந்து, இரவு ரோல்கால் முடித்துப் படுத்த ஆளுக்கு ஒரு நாள் எந்த விசிலும் இல்லாமல் போகிறது. வீட்டில் பிள்ளைகள் அப்பா இல்லாமலே வளர்ந்து பழகியிருப்பார்கள். எல்லாரும் மரியாதை கொடுக்கிறார்கள், ஆனால் யாருக்கும் தான் தேவையில்லை என்று அவருக்குத் தோன்றுகிறது. என்னிடமே பல பேர் இப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள்.

நாங்கள் இரண்டு பேராகப் போவோம். முடிந்தால் ஒருவர் அவருடைய ரெஜிமென்ட் ஆளாக இருப்பார், இல்லாவிட்டால் அதே இடத்தில் டியூட்டி பார்த்தவராவது இருப்பார். காலையில்தான் போவோம், சாயங்காலம் போனால் பாட்டில் முன்னால் உட்கார்ந்து பேசவேண்டியிருக்கும். குடியைப் பற்றி முதல் நாள் ஒரு வார்த்தை கேட்கமாட்டோம். எந்த யூனிட், எந்த வருடம், சியாச்சின் போயிருக்கிறாரா, அவருடைய சிஓ (கமாண்டிங் ஆபீசர்) யார், இப்படித்தான் பேச்சு ஆரம்பிக்கும். இரண்டாவது தடவை போகும்போது அவரிடம் ஒரு உதவி கேட்போம். இப்படி ஒருவரிடம், ராணுவத் தேர்வுக்கு எங்களிடம் பயிற்சிக்கு வரும் பையன்கள் ஓடும் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடும் வேலையைக் கொடுத்தோம். முதல் வாரம் வரவில்லை. இரண்டாவது வாரம் ஆறு மணிக்கு வந்து, கயிறு பிடித்து, முழங்காலிட்டு, ஒரு கோடு கோணல் என்று அழித்துவிட்டுத் திரும்பப் போட்டார். அதைப் பார்த்ததும் இவர் மீண்டுவிடுவார் என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

ஆனால் பேச்சுத்துணை மருந்தாகிவிடாது, அதையும் சொல்லவேண்டும். முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இசிஹெச்எஸ்ஸின் பாலிகிளினிக்கில் மனநல மருத்துவருக்கு ரெஃபரல் கேட்டு வாங்குங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசுவார்கள். அவர் பேசாவிட்டால் நீங்களே உங்களுக்காகப் பேசுங்கள். குடியைத் திடீரென்று நிறுத்தவைக்க வேண்டாம், ரொம்ப நாள் குடித்தவருக்கு அதனால் வலிப்புகூட வரலாம், மருத்துவர் மேற்பார்வை வேண்டும். செத்துப்போகிறேன் என்பதுபோல ஏதாவது சொன்னால் சும்மா சொல்கிறார் என்று விடாதீர்கள், தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

கேள்வி: நடுராத்திரி நெஞ்சுவலி வந்தால் ரெஃபரலுக்கு எங்கே போவது? இசிஹெச்எஸ் கார்டு இருந்து என்ன பயன்?

பதில்: உயிர் ஆபத்து என்றால் ரெஃபரல் வேண்டாம். பக்கத்தில் இருக்கும் எம்பேனல் (இசிஹெச்எஸ் பட்டியலில் உள்ள) மருத்துவமனைக்கு நேராகப் போய்க் கார்டைக் காட்டுங்கள். 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தெரிவிப்பது அந்த மருத்துவமனையின் பொறுப்பு. எம்பேனல் இல்லாத இடத்தில் சேர்க்க நேர்ந்தால் நீங்கள்தான் 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து, பில் எல்லாம் பத்திரப்படுத்தி, பிறகு திரும்பப் பெறவேண்டும், அரசு நிர்ணயித்த விகிதத்துக்குத்தான் கிடைக்கும். எங்கள் உறுப்பினர் ஒருவரிடம் எம்பேனல் மருத்துவமனையிலேயே முன்பணம் கட்டச் சொன்னார்கள், விடியற்காலை இரண்டு மணிக்கு அவர் மனைவி தாலிக்கொடியைக் கழற்றும் நிலைக்கு வந்துவிட்டார். நாங்கள் இரண்டு பேர் போய் நின்று, பாலிகிளினிக் பொறுப்பு அதிகாரியிடம் போனில் பேசவைத்த பிறகுதான் சேர்த்தார்கள். அன்றிலிருந்து எம்பேனல் மருத்துவமனைகளின் பட்டியலையும் எங்கள் மூன்று பேர் எண்ணையும் அச்சடித்து ஒவ்வொரு வீட்டிலும் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறோம்.

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. பென்ஷன் கிடைக்கும் அளவுக்கு சர்வீஸ் இல்லாமல் வந்தவர். அவருக்கு ஒன்றுமே கிடையாதா?

பதில்: உண்டு மகளே. ஹவில்தார் ரேங்க் வரை இருந்து, பென்ஷன் இல்லாமல், 65 வயது தாண்டிய முன்னாள் படைவீரர்களுக்கும் விதவைகளுக்கும் ரக்ஷா மந்திரி (பாதுகாப்பு அமைச்சர்) நலநிதியிலிருந்து வறுமை நிவாரணத் தொகை இருக்கிறது. மாதம் 4,000 ரூபாயாக இருந்தது, 2025 நவம்பர் 1 முதல் கொடுக்கும் விண்ணப்பங்களுக்கு 8,000. கேந்திரிய சைனிக் போர்டு தளத்தில் விண்ணப்பிக்கவேண்டும், மாவட்ட அலுவலகம் சரிபார்த்து அனுப்பும். டிஸ்சார்ஜ் சான்றிதழில் அவர் எப்படி விடுவிக்கப்பட்டார் என்ற வரி முக்கியம், சொந்த விருப்பத்தில் பாதியில் வந்தவர் என்றால் முன்னாள் படைவீரர் தகுதியே சிக்கலாகிவிடும். அந்தப் பக்கத்தை முதலில் காட்டுங்கள், பிறகு நம்பிக்கை கொடுக்கிறேன்.

கேள்வி: 16 வருடம் சர்வீஸ் முடித்து அடுத்த மார்ச்சில் வருகிறேன், பத்தாவதுதான் படிப்பு. வேலை கிடைக்குமா?

பதில்: பத்தாவது தேறி 15 வருடம் சர்வீஸ் போட்டவர், தொழில்நுட்பம் சாராத குரூப் சி மத்திய அரசு வேலைகளில் பட்டதாரிக்கு இணையாக விண்ணப்பிக்கலாம். மத்திய அரசு குரூப் சியில் முன்னாள் படைவீரருக்கு 10 சதவீதம், பொதுத்துறை வங்கிகளில் 14.5 சதவீதம் ஒதுக்கீடு. வந்த உடனே சோல்ஜர் போர்டில் பெயர் பதியுங்கள். உடனடி வருமானத்துக்கு டெக்ஸ்கோ இருக்கிறது, 1986இல் மாநில அரசு நமக்காகவே தொடங்கிய கழகம், காவல் வேலைகளுக்கு ஆள் எடுக்கும். கேட் டியூட்டியிலேயே நின்றுவிடாமல் கூடவே தேர்வுக்குப் படியுங்கள்.

கேள்வி: அக்னிவீர் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கிறீர்களா? கட்டணம் எவ்வளவு?

பதில்: கட்டணம் கிடையாது தம்பி, ஷூ மட்டும் நல்லதாக வாங்கிக்கொள். ஓட்டம் 1.6 கிலோமீட்டர், 10 புல்அப்ஸ் எடுத்தால் அதற்கு முழு மதிப்பெண். ஆனால் ஆன்லைன் எழுத்துத் தேர்வுதான் முதலில், ஓடியே தேறிவிடலாம் என்று வருகிறவர்கள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். நான்கு வருடம் கழித்து 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரமாவார்கள், மற்றவர்களுக்கு சேவா நிதி என்ற மொத்தத் தொகை உண்டு, பென்ஷன் இல்லை. இது தெரிந்தபின் வா. பணம் கொடுத்தால் சீட் வாங்கித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் எங்களிடம் சொல்லு.

கேள்வி: நான் ராணுவத்தில் இருந்தவன் இல்லை, ஆசிரியர். உங்களுக்கு எப்படி உதவலாம்?

பதில்: சார், படைவீரர் நலனுக்கு நிதி திரட்டும் கொடிநாள் டிசம்பர் 7, 1949 முதல் நடக்கிறது, மாவட்ட நிர்வாகம் தரும் ரசீதோடு கொடுங்கள், அது போதும். அதைவிட எங்களுக்குத் தேவை உங்கள் மாணவர்கள். உயிரோடு இருக்கிறோம் என்று வருடத்துக்கு ஒரு முறை லைஃப் சர்டிபிகேட் கொடுக்காவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். அரசின் ஜீவன் பிரமாண் வசதியில் முக அடையாளம் மூலம் போனிலேயே முடியும், ஆனால் 84 வயது ஆளுக்கு அந்த வட்டத்துக்குள் முகத்தை நேராக வைத்துக் கண் சிமிட்டத் தெரியாது. கைரேகை தேய்ந்த விவசாயக் கைகள் இயந்திரத்தில் பதியாது. போனோடு வீட்டுக்கு வந்து பத்து நிமிடம் பொறுமையாக இருக்கும் பிள்ளைகள் பத்து பேர் போதும். பதிலுக்கு உங்கள் பள்ளி முகாமுக்கு ரத்தம் கொடுக்க நாங்கள் வருகிறோம்.

கேள்வி: எங்கள் பக்கம் பன்னிரண்டு பேர் சேர்ந்து சங்கம் ஆரம்பிக்க நினைக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: 1975ஆம் வருடத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் ஏழு பேர் இருந்தாலே பதியலாம், மாவட்டப் பதிவாளர் அலுவலகம். வங்கிக் கணக்கில் இரண்டு கையெழுத்து. நிலுவை வாங்கிக் கொடுத்ததற்கு யாரிடமும் சதவீதம் வாங்கக்கூடாது என்பதைத் துணைவிதியிலேயே எழுதுங்கள், இதில் மட்டும் நான் கறாராகச் சொல்வேன், விதவையின் நிலுவையில் கைவைத்துச் சிதறிப்போன சங்கத்தை நேரில் பார்த்திருக்கிறேன். ஆட்சியர் நடத்தும் முன்னாள் படைவீரர் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு யாராவது ஒருவர் தவறாமல் போங்கள்.

திறப்பு விழா, பேனர், மாலை எல்லாம் பிறகு வைத்துக்கொள்ளலாம். முதலில் ஒரு நீளமான நோட்டு வாங்கிக் கோடு போடுங்கள். பெயர், படை எண், ரெக்கார்ட் ஆபீஸ், மனைவி பெயர் பிபிஓவில் உள்ளபடி, ஆதாரில் உள்ளபடி, பிறந்த தேதி, லைஃப் சர்டிபிகேட் கொடுத்த தேதி, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது. பன்னிரண்டு பேரும் முதலில் உங்கள் வீட்டுத் தாள்களைப் பார்த்து அதை நிரப்புங்கள். எத்தனை பேர் வீட்டில் தவறு இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள், ரெக்கார்ட் ஆபீசுக்கு அனுப்பவேண்டிய கடிதத்தின் மாதிரியைத் தருகிறேன்.